இரவு 11 மணிக்குப் பிறகு: இங்கிலாந்தின் உணவக மதுவுரிமமும் உள்ளூர் மன்றங்களும்

லண்டன் கடைத்தெருக்களில் புதிதாகத் திறக்கவிருக்கும் உணவகத்தின் கண்ணாடியில் வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதன் அளவு ஏ4-க்குக் குறையக் கூடாது. கறுப்பு எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. விண்ணப்பிப்பவர் யார், எந்தெந்த நாளில் எத்தனை மணி வரை மது பரிமாற விரும்புகிறார், ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் எந்தக் கவுன்சிலுக்கு (உள்ளூர் மன்றத்துக்கு) எழுத வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். கால அவகாசம் 28 நாள். அதற்குள் எவரும் சட்டம் ஏற்கும் ஆட்சேபம் எழுப்பாவிட்டால் கவுன்சில் உரிமத்தை வழங்கியே தீர வேண்டும். மறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் உரிமச் சட்டத்தின் உயிர்நாடி இந்த விதியில் இருக்கிறது. ஊர் பேசினால்தான் மன்றம் பேச முடியும். இரவில் எத்தனை மணிக்குக் கடை மூட வேண்டும், மதுவை எப்படிப் பரிமாற வேண்டும், காலிப் போத்தல்களை எப்போது குப்பையில் கொட்டலாம் என்ற சின்னச் சின்னக் கேள்விகளுக்கு மூன்று கவுன்சிலர்கள் சொல்லும் பதில்தான் ஒரு தெருவின் இரவு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இந்தப் பதில்களின் தரத்தை மூடும் நேரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. எந்தச் சான்றின் மேல், எத்தகைய நிபந்தனையோடு சொல்லப்பட்டவை என்பதையே பார்க்க வேண்டும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீதிபதியிடமிருந்து கவுன்சிலருக்கு

இங்கிலாந்தில் மதுக்கடை உரிமம் வெகுகாலம் நீதித்துறையின் கையில் இருந்தது. 1552-ஆம் ஆண்டுச் சட்டம் ஏல் என்ற பியரை விற்கும் கடைகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை உள்ளூர் அமைதி நீதிபதிகளிடம் கொடுத்தது. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் காக்க அரசு மது விற்பனை நேரத்தைக் கடுமையாகக் குறைத்தது. போர் முடிந்த பிறகும் பிற்பகல் மூடல் நீடித்தது. 1988-ல்தான் பப்கள் வாரநாட்களில் பகல் முழுவதும் திறந்திருக்க இடம் கிடைத்தது.

உணவகத்துக்கென்று தனி உரிமம் வந்தது 1961-ல். மேசையில் அமர்ந்து சாப்பிடுபவருக்கு, சாப்பாட்டோடு சேர்த்து மட்டுமே மது என்பது அதன் அடிப்படை. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் மேசையில் உண்ணும் உணவு எது என்பதற்கு விளக்கமும் கொடுத்தது. சாண்ட்விச் ஒரு சாப்பாடா என்று நீதிமன்றங்கள் ஆராய நேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 2020 இறுதியில், கொரோனாக் கட்டுப்பாடு இருந்த பகுதிகளில் முழு உணவோடு மட்டும் மது பரிமாறலாம் என்ற விதி வந்தபோது, அதே கேள்வி, ஸ்காட்ச் முட்டை ஒரு முழு உணவா என்ற வடிவில் தொலைக்காட்சி விவாதங்களுக்குத் திரும்பி வந்தது. சிரிப்பை வரவழைத்தாலும் கேள்வி கனமானது. குடிப்பதையும் உண்பதையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் உணவகத்துக்கும் பாருக்கும் இடையிலான கோடும் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் இந்த அமைப்பையே மாற்றியது. 2005 நவம்பர் 24 முதல் மது, கேளிக்கை, பின்னிரவு உணவு ஆகிய எல்லாவற்றுக்குமான உரிமங்கள் ஒரே குடையின்கீழ் உள்ளூர் மன்றங்களின் கைக்கு வந்தன. நாடு முழுவதற்கும் பொதுவான மூடும் நேரம் என்ற ஒன்று இல்லாமல் போனது. ஒவ்வொரு கடையும் தனக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தகுதியில் பரிசீலிக்கப்படும். 24 மணி நேரமும் குடி ஓடப்போகிறது என்று பத்திரிகைகள் அன்று அலறின. உண்மையில் பிரிட்டனின் தனிநபர் மது நுகர்வு 2004-ல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. அந்த இறக்கத்துக்குச் சட்டம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேரத்தைத் தளர்த்தினாலே நாடு குடியில் மூழ்கிவிடும் என்ற கணக்கு பலிக்கவில்லை.

நான்கு நோக்கங்கள், மூன்று உறுப்பினர்கள்

கவுன்சில் தன் மனம்போல முடிவெடுக்க முடியாது. குற்றமும் ஒழுங்கீனமும் தடுக்கப்பட வேண்டும். பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பொதுத் தொல்லை தவிர்க்கப்பட வேண்டும். குழந்தைகள் தீங்கிலிருந்து காக்கப்பட வேண்டும். சட்டம் வகுத்த நோக்கங்கள் இந்த நான்கே. ஆட்சேபமும் இவற்றில் ஒன்றைத் தொட்டாக வேண்டும். தெருவில் ஏற்கெனவே ஐந்து உணவகங்கள் உள்ளன, ஆறாவது எதற்கு என்ற வாதம் எடுபடாது. சந்தைத் தேவை உரிமக் குழுவின் வேலை அல்ல. மது கல்லீரலைக் கெடுக்கும் என்ற வாதமும் தனியாக நிற்காது. ஸ்காட்லாந்து தன் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுநலவாழ்வை ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்து அதைச் செய்யவில்லை.

ஆட்சேபம் வந்துவிட்டால் விசாரணை நடத்த வேண்டும். உரிமக் குழுவில் பத்து முதல் பதினைந்து கவுன்சிலர்கள் இருப்பார்கள். விசாரணையில் அமர்வது அதிலிருந்து மூன்று பேர். சட்ட ஆலோசகர் ஒருவர் உடனிருப்பார். ஒரு பக்கம் விண்ணப்பதாரர், பெரும்பாலும் வழக்குரைஞரோடு. மறுபக்கம் போலீஸ் அதிகாரி, இரைச்சலைக் கவனிக்கும் சுற்றுச்சூழல் நலத்துறை அலுவலர், மாடியில் குடியிருப்பவர்கள். எல்லாத் தரப்புக்கும் பேச ஒரே அளவு நேரம் தரப்பட வேண்டும். குறுக்கு விசாரணை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. குழு தேவையென்று கருதினால்தான் உண்டு. சட்டம் இதை வழக்காடு மன்றமாக அமைக்காமல், குழு முன்னின்று நடத்தும் கலந்துரையாடலாகவே அமைத்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. அதற்கு முன் கடையின் அருகில் குடியிருப்பவர் அல்லது தொழில் நடத்துபவர்தான் ஆட்சேபிக்க முடியும். இன்று எவரும் ஆட்சேபிக்கலாம். முன்பு ஒரு நிபந்தனை அவசியமானது என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது பொருத்தமானது என்று காட்டினால் போதும். அதிகாரம் பெருகியது, பொறுப்பும் பெருகியது. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றான பிறகு, யார் சொல்வதற்கு எவ்வளவு எடை என்பதை எடைபோடும் திறமை குழுவுக்குக் கட்டாயமாகிறது.

நிபந்தனையில் இருக்கிறது உயிர்

உணவக உரிமத்தை வாசிப்பவர் கண் முதலில் மூடும் நேரத்துக்குத்தான் போகும். அதைவிட நுணுக்கமாக வாசிக்க வேண்டியது நிபந்தனைகளை.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாட்டிலேயே மிக அதிகமான மதுவுரிமங்களை நிர்வகிக்கும் மன்றம். உணவகங்களுக்கென்று அது வைத்திருக்கும் மாதிரி நிபந்தனையின் சாரம் இது: வாடிக்கையாளர் மேசையில் அமர வேண்டும். உணவை மேசைக்கே கொண்டுவந்து பரிமாற வேண்டும். உடனே தின்பதற்கான பொட்டல விற்பனை கூடாது. மது, அமர்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு மட்டும், அந்தச் சாப்பாட்டின் துணையாக மட்டும்.

இதன் ஒவ்வொரு உறுப்பும் நடைமுறையில் ஒரு வேலையைச் செய்கிறது. மேசை இருந்தால் உள்ளே எத்தனை பேர் என்பது நாற்காலிக் கணக்கோடு நின்றுவிடும். நின்று குடிக்கும் கூட்டம் சேராது. சர்வர் வந்து பரிமாறினால், யார் எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு மனிதரின் கண் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாடு இருந்தால் வயிறு காலியாக இருக்காது, குடிக்கும் வேகமும் தணியும். மேசைகள் வெவ்வேறு நேரத்தில் காலியாவதால், கடை மூடும்போது நூறு பேர் ஒரே நொடியில் தெருவில் கொட்டுவதில்லை. மதுவின் அளவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத நிபந்தனை, மது தெருவில் ஏற்படுத்தும் விளைவை இவ்வளவு தூரம் கட்டுப்படுத்துகிறது.

இதோடு வேறு பல சிறு நிபந்தனைகளும் சேரும். கண்காணிப்புக் கேமராப் பதிவை 31 நாள் வைத்திருப்பது, 25 வயதுக்குக் கீழ் தெரிகிறவரிடம் அடையாளச் சான்று கேட்பது, சம்பவப் பதிவேடு எழுதுவது, இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை காலிப் போத்தல்களை வெளியே கொண்டுபோகாமல் இருப்பது. கடைசி நிபந்தனை அற்பமாகத் தோன்றலாம். நள்ளிரவில் பின்சந்தில் ஒரு கூடை கண்ணாடிப் போத்தல்களை இரும்புத் தொட்டியில் கவிழ்க்கும்போது எழும் ஓசை, பாட்டுச் சத்தத்தைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கும். மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு உரிமத்தின் மிக முக்கியமான வரி இதுவாகவே இருக்கும்.

மது இல்லாத கடைக்கும் இரவு 11 மணி ஒரு எல்லை. இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ சூடான பானமோ விற்றால் அதற்கும் உரிமம் வேண்டும். பத்தரைக்கு விற்கும் பிரியாணிக்குத் தேவைப்படாத அனுமதி, பதினொன்று கடந்ததும் அதே பிரியாணிக்குத் தேவைப்படுகிறது. பப் மூடியபின் பசித்த கூட்டம் டேக்அவே வாசல்களில்தான் கூடுகிறது, தகராறும் அங்கேதான் மூள்கிறது என்ற அனுபவம் இந்த விதியின் பின்னால் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு, எந்த வகைக் கடைக்கு இந்த விதியைத் தளர்த்தலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

சான்று என்றால் என்ன?

கவுன்சிலின் முடிவு பிடிக்காதவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கிருந்து மேலே சென்ற இரண்டு வழக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் உரிமத் தீர்மானத்தின் இயல்பு விளங்கும்.

முதலாவது, டேனியல் த்வெய்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கு. விர்ரல் (Wirral) பகுதியிலிருந்த அதன் விடுதி ஒன்றுக்குக் கவுன்சில் கூடுதல் நேரம் கொடுத்தது. அப்பகுதி மக்கள் மேல்முறையீடு செய்ய, மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். விடுதியோ அந்தக் கூடுதல் நேரத்தில் ஏற்கெனவே சில மாதங்கள் நடந்திருந்தது, சிக்கல் எழவில்லை, போலீசும் ஆட்சேபிக்கவில்லை. மற்ற கடைகள் மூடியபின் அங்கிருந்து கூட்டம் இங்கே வந்துவிடும் என்ற ஊகத்தையே மாஜிஸ்திரேட்டுகள் நம்பியிருந்தார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்தது. கட்டுப்பாடு வேண்டும் என்றால் அதைத் தாங்கும் சான்று இருக்க வேண்டும். அச்சம் மட்டும் போதாது.

இரண்டாவது, லண்டன் சோஹோவின் பெர்விக் தெருவை ஒட்டிய சிறு முற்றத்தில் இருந்த ஒரு பப்பின் வழக்கு. வாடிக்கையாளர்கள் கையில் குவளையோடு வெளியே வந்து நின்று பேசுவார்கள். சுற்றிலும் வீடுகள்; சுவர்களுக்கிடையே பேச்சொலி மோதி எழும்பியது. மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு குவளையை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் குழு நிபந்தனை போட்டது. கடைக்காரர் தரப்பு போராடி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2011-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி டூல்சன் இந்த முடிவுகளின் தன்மையைத் தெளிவாக்கினார். கடையால் கிடைக்கும் பொருளாதாரப் பயன், வாடிக்கையாளரின் மகிழ்ச்சி, அக்கம்பக்கத்தாரின் நிம்மதி, குற்றத்துக்கான வாய்ப்பு ஆகியவற்றைச் சீர்தூக்கி, அந்த இடத்துக்கு எது நியாயமாக ஏற்கத்தக்கது என்று மதிப்பிடுவதே உரிமத் தீர்மானம். அந்த மதிப்பீட்டைச் செய்யும் பொறுப்பை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் நாடாளுமன்றம் ஒப்படைத்திருக்கிறது. எனவே மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றம் கவுன்சில் சொன்ன காரணங்களுக்கு உரிய எடை கொடுக்க வேண்டும். அந்த முடிவு தவறு என்று காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது.

முதல் வழக்கு, ஊகத்தின் மேல் கட்டாதே என்கிறது. இரண்டாவது, சான்றின் மேல் கட்டிய உள்ளூர் மதிப்பீட்டை எளிதில் இடிக்காதே என்கிறது. இரண்டும் சேர்ந்து குடியிருப்பவருக்கு ஒரு வழியைக் காட்டுகின்றன. சத்தம் தாங்க முடியவில்லை என்று பொதுவாக எழுதும் கடிதத்துக்கு எடை குறைவு. எந்த நாள், எத்தனை மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த அறையில் கேட்டது என்று பல வாரம் எழுதிய குறிப்பேட்டுக்கு எடை அதிகம். அதிகாரியின் கருவி ஒரு இரவின் ஒலியை அளக்கும். அங்கேயே வாழ்பவரின் குறிப்பேடு ஒரு பருவத்தை அளக்கும். உள்ளூர் அறிவு என்பது இதுதான். அதை உணர்ச்சி என்று ஒதுக்குகிற குழுவும், எழுதி வைக்காமல் வெறும் கோபத்தோடு வருகிற அக்கம்பக்கத்தாரும் ஒரே இழப்பை உண்டாக்குகிறார்கள்.

தெருவின் மொத்தச் சுமை

சட்டம் ஒரு நேரத்தில் ஒரு கடையைத்தான் பார்க்கிறது. தொல்லையோ பல கடைகளின் கூட்டுத்தொகையாக வருகிறது. இருபது கடைகளும் தத்தம் நிபந்தனையைப் பிசகாமல் காத்தாலும், நள்ளிரவில் பேருந்து நிறுத்தத்தில் திரளும் கூட்டத்துக்கு எந்தக் கடையையும் தனியே குற்றம் சொல்ல முடியாது. இதற்கு விடையாக வந்ததே ஒட்டுமொத்தத் தாக்கம் என்ற கொள்கை. முதலில் அரசின் வழிகாட்டுதலில் மட்டும் இருந்த இது, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 2018 ஏப்ரல் முதல் சட்ட அந்தஸ்து பெற்றது. ஒரு பகுதியில் கடைகள் செறிந்துவிட்டதைச் சான்றோடு காட்டி மன்றம் அறிக்கை வெளியிடலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் இதைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. வெஸ்ட் எண்ட் செறிவுப் பகுதிக்குள் புதிய பப், பார், துரித உணவுக் கடைகளுக்கு மறுப்பே பொது விதி. உணவகத்துக்கு அப்படியில்லை. மேசை, சாப்பாடு, பரிமாறல் என்ற நிபந்தனைகளை ஏற்று, மையநேரத்துக்குள் நின்று, சுமையைக் கூட்டாது என்று காட்டினால் பொதுவாக உரிமம் கிடைக்கும். அந்த மையநேரம் முடிவது திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30, வெள்ளி, சனி நள்ளிரவு 12, ஞாயிறு இரவு 10.30. எல்லா மதுவையும் ஒன்றாகப் பாவிக்காமல், குடிக்கும் முறையைப் பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறையே சரியானது என்பது என் துணிபு.

நேரம் முக்கியமல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நார்வேயின் 18 நகரங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, மது விற்பனை ஒரு மணி நேரம் நீண்டால் வன்முறை ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008-ல் பப்களின் மூடும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தபின் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் இவை பெரும்பாலும் நின்று குடிக்கும் இடங்கள் பற்றிய, நள்ளிரவு தாண்டிய மணிகள் பற்றிய சான்றுகள். அவற்றை அப்படியே எடுத்து, இரவு பதினொன்றரைக்குக் குடும்பத்தோடு சாப்பிட்டு முடிக்கும் உணவகத்தின்மேல் சுமத்துவது சான்றைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

நேரத்தை ஒட்டுமொத்தமாகக் குறிவைக்கும் கருவிகளும் மன்றங்களிடம் உண்டு. நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒரு பகுதி முழுவதும் விற்பனையைத் தடுக்கும் ஆணை அவற்றில் ஒன்று. பிளாக்பூல், ஹார்ட்டில்பூல் ஆகிய ஊர்கள் அதைப் பரிசீலித்துக் கைவிட்டன. நள்ளிரவுக்குப் பின் விற்பவரிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கும் பின்னிரவு வரி இன்னொன்று. 2013-ல் நியூகாசில் அபான் டைன் முதலில் அதைக் கொண்டுவந்தது. இரண்டுமே பரவலாகக் காலூன்றாததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு: பொறுப்போடு நடத்துபவரும் பொறுப்பின்றி நடத்துபவரும் அவற்றில் ஏறத்தாழ ஒரே அளவில் தண்டிக்கப்படுகிறார்கள்.

திருத்த வேண்டியவை

இந்த அமைப்பைக் குறையற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. 2017 ஏப்ரலில் பிரபுக்கள் சபையின் ஆய்வுக் குழு கடுமையான விமர்சனத்தை வைத்தது. பல உரிமக் குழுக்களின் விசாரணைத் தரம் தாழ்ந்திருக்கிறது, எனவே இந்த வேலையைக் கட்டட அனுமதி வழங்கும் திட்டக் குழுக்களிடமே கொடுத்துவிடலாம் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. 2025-ல் வேறு திசையில் ஒரு யோசனை வந்தது: லண்டனில் கவுன்சில்கள் மறுக்கும் இரவுநேர விண்ணப்பங்களை மேயர் எடுத்துப் பார்க்கும் அதிகாரம். முதல் யோசனை முடிவை உரிமக் குழுவிடமிருந்தும், இரண்டாவது ஊரிடமிருந்தும் தள்ளி வைக்கிறது. குழுவின் தரம் குறைவென்றால் உறுப்பினருக்குப் பயிற்சியும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணங்களை விரிவாக எழுதும் ஒழுக்கமும்தான் மருந்து. டூல்சன் தீர்ப்பின்படி மேல்முறையீட்டில் ஒரு முடிவு எவ்வளவு நிற்கும் என்பதே எழுதிய காரணங்களின் தெளிவைப் பொறுத்தது.

பணமும் ஒரு சிக்கல். கடையின் மதிப்பீட்டுத் தொகையைப் பொறுத்து 100 பவுண்டிலிருந்து 635 பவுண்டு வரையான விண்ணப்பக் கட்டணம் 2005-ல் நாடு முழுமைக்கும் விதிக்கப்பட்டது; நீண்ட காலமாக மாறவில்லை. ஆய்வாளர் சம்பளமும் விசாரணைச் செலவும் ஏறிக்கொண்டே போக, வரவு நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிபந்தனை போட்டால் போதாது. இரவில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பார்க்க ஆளில்லாத நிபந்தனை நல்லவரை மட்டுமே கட்டும்.

மூன்றாவது சிக்கல் மொழியும் அறிமுகமும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ போன்ற பகுதிகளில் தமிழர் நடத்தும் உணவகங்கள் ஏராளம். விண்ணப்பத்தோடு கொடுக்கும் செயல்பாட்டு அட்டவணையில் எழுதும் வாக்குறுதிகள் உரிமத்தின் நிபந்தனைகளாகவே மாறும். ஆலோசகர் எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்திட்டவர், வாசலில் காவலர் நிறுத்துவதாகத் தானே வாக்குக் கொடுத்திருப்பதை ஆய்வாளர் வந்து நிற்கும்போதுதான் அறிகிறார். உரிமத்தை மீறி விற்றால் ஆறு மாதம் வரை சிறையும் உச்சவரம்பில்லாத அபராதமும் சட்டத்தில் உண்டு. எவர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உரிமத்தை மறுபரிசீலிக்கக் கோரலாம். கடைக்காரர் தன்னால் காக்க முடிகிற வாக்கை மட்டும் கொடுக்க வேண்டும். இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லித் தருவது கவுன்சிலின் கடமை. கண்ணாடியில் ஒட்டும் அறிவிப்பை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத குடியிருப்பாளருக்கும் அதே உதவி சேர வேண்டும். 28 நாள் மௌனம் சம்மதமாகும் சட்டத்தில், புரியாததால் வந்த மௌனத்தையும் சம்மதமாக எண்ணுவது அநீதி.

முடிவாக

இரவு என்பது உழைப்பவருக்கும் உறங்குபவருக்கும் பொது. சமையற்கட்டிலும் மேசைகளிலும் வேலை செய்பவரின் பிழைப்பு அதில் இருக்கிறது. காலை ஷிஃப்டுக்கு எழுந்து போக வேண்டியவரின் ஓய்வும் அதில் இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு முழு வெற்றி கொடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறான முடிவாகவே இருக்கும். இங்கிலாந்தின் இருபது ஆண்டு அனுபவம் மூன்று பாடங்களைத் தருகிறது. மதுவை மட்டும் பார்க்காமல் அது பரிமாறப்படும் முறையைப் பாருங்கள். அச்சத்தின் மேல் அல்லாமல் எழுதி வைத்த சான்றின் மேல் முடிவெடுங்கள். எடுத்த முடிவுக்கான காரணத்தை, தோற்றவரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றையும் செய்கிற மன்றத்திடமிருந்து அதிகாரத்தை மேலே எடுத்துச் செல்ல எந்த நியாயமும் கிடையாது. செய்யாத மன்றத்தை அதன் தெருவில் வாழ்பவர்கள் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.